எட்டு நாளில் பாதி என்றால் பதினாறு நாளில் முழுதும் போய்விடாதா? (அயோடின் 131)

ஓவர்லாக் அக்கா எழுதியது:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 14 வருஷமாக ஓவர்லாக் தைக்கிறேன். படிப்பு பத்தாவதோடு நின்றது. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் பதிலையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

எனக்குத் தைராய்டில் கட்டி. சோதித்ததில் புற்று என்று வந்து, சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம் மீதியை அழிக்க அயோடின் 131 என்று ஒரு கதிரியக்க மருந்து, 100 மில்லிகியூரி. ஒரே ஒரு மாத்திரைதான். அது வந்த வரவைத்தான் பார்த்திருக்க வேண்டும். தள்ளுவண்டியில் ஈயக் குடுவை, குடுவைக்குள் இன்னொரு டப்பா, அதற்குள் மாத்திரை. கொண்டுவந்தவர் எட்டி நின்றுகொண்டு, "வாயில போட்டு ஒரு டம்ளர் தண்ணி குடிங்கக்கா" என்றார். என் கல்யாண நகைக்குக்கூட அவ்வளவு காவல் இருந்ததில்லை.

மூன்று நாள் தனி அறை. தினம் ஒருவர் வந்து, தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் கோட்டில் நின்று, மீட்டரை என் பக்கம் நீட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு போவார். எண் போதுமான அளவு இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு சீட்டு, முழுக்க இங்கிலீஷ். என்ன ஏது என்று கேட்டால் "எல்லாம் அதுல இருக்கு" என்று ஒரே பதில். பெரியவன்தான் படித்துச் சொன்னான்: தனியாகப் படு, தண்ணீர் நிறையக் குடி, கழிவறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்று, சின்னக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்காதே.

இப்போது மொட்டை மாடியில் தகரம் போட்ட அறையில் இருக்கிறேன். மாத்திரை போட்டு இன்றோடு ஆறாம் நாள். சாப்பாட்டை மேல்படியில் வைத்துவிட்டுப் பையன்கள் கீழே இறங்கி நின்றுகொள்வார்கள். அங்கே நின்றபடியே பேச்சு, அங்கே நின்றபடியே சண்டை. சண்டை எதற்கு என்று கேளுங்கள்.

சின்னவன் எட்டாவது. "எட்டு நாள்ல கதிரியக்கம் பாதி போயிடும்னு போட்டிருக்கு. அப்ப பதினாறு நாள்ல முழுசும் போயிடும். நாளை எண்ணிக்கோம்மா" என்கிறான். காலண்டரில் பதினாறாம் நாளுக்குச் சிவப்பு வட்டமும் போட்டுவிட்டான்.

பெரியவன் பிளஸ் டூ. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஈ அடுக்கு மைனஸ் லாம்டா டி. முடிவிலியிலதான் பூஜ்யமாகும். அதாவது, முழுசா எப்பவுமே போகாது" என்றான். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்தான். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவனுக்கே தோன்றியிருக்கும் போல.

பதினாறு நாளா, எப்போதுமே போகாதா? இரண்டும் நான் பெற்றதுதான், யார் பக்கம் சாய்வது? எனக்கும் ஒரு சந்தேகம். முதல் பாதி எட்டு நாளில் போகிறது என்றால் மீதிப் பாதிக்கு மட்டும் என்ன சோம்பேறித்தனம்? அதே வேகத்தில் போக வேண்டியதுதானே? அப்புறம், நான் சாப்பிட்ட தட்டு, படுத்த தலையணை எல்லாம் கதிரியக்கமாக மாறிவிடுமா? மாமியார் தட்டைத் தூக்கிப் போடச் சொல்கிறார். எவர்சில்வர் தட்டு, மனசு வரவில்லை.


நடுவெயில் எழுதியது:

சின்னவன் சொல்வதுதான் சரிங்க அக்கா. பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுசு. பிளஸ் டூ புத்தகத்தில் எல்லாவற்றையும் வேண்டுமென்றே குழப்புவார்கள். பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இறங்கிடுங்க.


பௌதிக வாத்தியார் எழுதியது:

மேலே எழுதிய தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், அது தப்பு.

அம்மணி, கோபிச்செட்டிபாளையம் பக்கம் 31 வருஷம் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பெயரை இயற்பியல் என்று மாற்றி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, என் வாயில் பௌதிகம்தான் வருகிறது. உங்கள் வீட்டு மாடிப்படிச் சண்டை என் வகுப்பில் வருஷா வருஷம் நடந்த சண்டை. பாதிப் பேர் உங்கள் சின்னவன் கட்சி. நன்றாக மார்க் வாங்குகிறவர்கள் பெரியவன் கட்சி.

குற்றம் பிள்ளைகள் மேல் இல்லை, பெயர் மேல். அந்த எட்டு நாளுக்கு 'அரை ஆயுட்காலம்' என்று பெயர் வைத்துவிட்டோம். ஒரு ஆளுக்கு அரை ஆயுள் 40 வருஷம் என்றால் முழு ஆயுள் 80 என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆனால் அந்தச் சொல் ஒரு அணுவின் ஆயுளைச் சொல்லவே இல்லை. ஒரு கூட்டம் பாதியாகக் கரைய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைத்தான் சொல்கிறது.

தாயக்கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டுவோமே, அதில் 200 கொட்டை தயார் செய்யச் சொல்லுங்கள். கீழ்ப்படியில் நின்று சண்டை போடுகிற நேரத்துக்கு இது உருப்படியான வேலை. 200ஐயும் முறத்தில் போட்டுக் குலுக்கித் தரையில் கொட்ட வேண்டும். வெள்ளைப் பக்கம் மேலே விழுந்தது சிதைந்துபோன அணு, அதை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். கறுப்பு விழுந்ததை மட்டும் மறுபடி முறத்தில் போட்டுக் குலுக்க வேண்டும். ஒரு குலுக்கு எட்டு நாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் குலுக்கில் சுமார் 100 போகும். இரண்டாவதில் மீதி 100ம் போகுமா? போகாது, 50 போகும். ஏனென்றால் இந்தத் தடவை முறத்தில் இருந்ததே 100தான். அதற்கடுத்து 25. இதில் சோம்பேறித்தனம் எங்கே வந்தது? உங்கள் கம்பெனியில் ஓவர்லாக்கில் 20 பேர் உட்கார்ந்தால் ஒரு ஷிப்டுக்கு இத்தனை பீஸ். 10 பேர் லீவு போட்டால் பீஸ் பாதியாகும். உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரின் கை வேகமும் அதேதான்.

இதில் பிள்ளைகள் நம்ப மறுக்கிற இடம் ஒன்று இருக்கிறது. புளியங்கொட்டைக்கு ஞாபகம் கிடையாது. மூன்று குலுக்கில் தப்பித்த கொட்டை நாலாவதில் வெள்ளை விழுந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. அணுவும் அப்படித்தான், அதற்கு வயதாகாது. நமக்கு எண்பது ஆனால் மூட்டு தேயும், கண் மங்கும். உங்கள் உடம்பில் ஆறு நாள் சிதையாமல் இருந்த அயோடின் அணு, முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கிறது. அடுத்த ஒரு விநாடிக்குள் அது சிதைய வாய்ப்பு ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒன்று. நேற்றும் அதுதான், நாளைக்கும் அதுதான். வெயிலில் வைத்தாலும் ஐஸில் வைத்தாலும் மாறாது.

இனி பெரியவன். அவன் சொன்ன சூத்திரம் சரி. ஆனால் சூத்திரம் தண்ணீர் போல வழவழவென்று ஓடுகிறது, அணு கொட்டை போல எண்ணக்கூடியது. எண்ணிப் பார்ப்போம். 100 மில்லிகியூரி என்றால் விநாடிக்கு 370 கோடி அணு சிதைகிறது என்று பொருள். 10 லட்சத்தில் ஒன்று சிதைந்தே 370 கோடி வருகிறதென்றால் மொத்தம் 37 கோடி கோடி அணு. கேட்க மலைப்பாக இருக்கும், எடை பார்த்தால் ஒரு மைக்ரோகிராம்கூட இல்லை, 0.8தான். தூள் உப்பில் ஒரு பொடியை எடுத்து அதை ஐம்பது அறுபது கூறு போட்டால் ஒரு கூறு வருமே, அவ்வளவு. நீங்கள் விழுங்கியதில் மற்றதெல்லாம் மாத்திரைக் கூடும் அதன் உள்ளீடும்.

இப்போது அந்த 37 கோடி கோடியைப் பாதி, பாதியில் பாதி என்று வெட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள் பெரியவனை. 52ஆவது வெட்டில் ஒன்றுக்கும் கீழே வந்துவிடும். 52ஐ எட்டால் பெருக்கினால் 416 நாள். ஆகப் பதினாறு நாளும் இல்லை, முடிவிலியும் இல்லை. சுமார் 14 மாதம். கடைசி அணு எந்தக் கிழமை போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோடிக்கணக்கில் இருக்கும்வரை சூத்திரம் அச்சுப் பிசகாமல் நிற்கும், பத்து இருபது என்று வந்ததும் கையை விரித்துவிடும். ஆனால் கடைசி அணுவுக்காக யாரும் மாடியில் காத்திருக்கத் தேவையில்லை. 80 நாளில், அதாவது பத்தே வெட்டில், 1,024இல் ஒரு பங்குதான் மிஞ்சும்.

தட்டு விஷயத்தை அந்தத் துறையில் இருப்பவர் யாராவது சொன்னால் நல்லது. நான் சாக்பீஸ்காரன்.


மீட்டர்காரன் எழுதியது:

வணக்கம் அக்கா. மஞ்சள் கோட்டில் நின்று மீட்டரை நீட்டுகிற வேலைதான் என்னுடையதும், வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில். தமிழில் ஒரு சீட்டு அடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்? உங்கள் எரிச்சல் நியாயம்.

வாத்தியார் ஐயா போட்ட 416 நாள், சீசாவில் அடைத்து மூடி வைத்த அயோடினுக்கு. உடம்பு மூடி வைத்த சீசா இல்லையே. உங்களுக்குச் சுரப்பியை எடுத்தாகிவிட்டது, அயோடினைப் பிடித்து வைத்துக்கொள்ள மிச்சம் மீதி திசு மட்டும்தான் உண்டு. மற்றதெல்லாம் சிறுநீரில் வெளியே வந்துவிடும், பெரும்பங்கு முதல் இரண்டு மூன்று நாளிலேயே. தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று உயிரை வாங்கியது அதற்குத்தான். அந்த அறைகளின் கழிவுநீர் நேராகச் சாக்கடைக்குப் போகாது. தனித் தொட்டியில் தேங்கி, அங்கே வாத்தியார் கணக்குப்படி பாதி, பாதியாகச் சிதைந்த பிறகே வெளியே விடுவார்கள்.

இரண்டு வழியிலும் சேர்ந்து குறைவதற்கும் ஒரு கணக்கு உண்டு, பெரியவனுக்குப் பிடிக்கும். சிதைவில் பாதியாக எட்டு நாள், உடம்பு வெளியேற்றிப் பாதியாக்க இரண்டு நாள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கி இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 16ஐ 10ஆல் வகுத்து 1.6 நாள். தொட்டியில் இரண்டு குழாய் திறந்திருந்தால் சீக்கிரம் காலியாகுமே, அதே விஷயம். மூன்றாம் நாளே எண் இறங்கி உங்களை அனுப்பியதற்குக் காரணம் இரண்டாவது குழாய்தான்.

தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மஞ்சள் அரைத்த கை தட்டில் பட்டால் மஞ்சள் ஒட்டும், தேய்த்துக் கழுவினால் போய்விடும். விளக்கு வெளிச்சம் தட்டில் விழுந்தால் தட்டு விளக்காக மாறாது. உங்களிடமிருந்து இரண்டும் வருகிறது. எச்சில், வியர்வை, சிறுநீர் இவற்றில் அயோடினே வருகிறது, இது மஞ்சள். ஆகவே தட்டு, துணி, தலையணை உறை எல்லாவற்றையும் தனியாகக் கழுவுங்கள், அப்புறம் தாராளமாகப் புழங்கலாம். உடம்பைத் தாண்டி வெளியே வருகிற காமா கதிர்தான் அந்த வெளிச்சம். அது தட்டைத் துளைத்துக்கொண்டு போகும், தட்டைக் கதிரியக்கமாக்காது.

ஒரு பொருளைக் கதிரியக்கமாக்க, நியூட்ரான் மாதிரி ஒரு துகள் அதன் அணுக்கருவுக்குள் நுழைய வேண்டும். இந்த மருந்தையே அப்படித்தான் செய்கிறார்கள். மும்பை டிராம்பேயில் அணு உலைக்குள் டெல்லூரியம் ஆக்சைடை வைப்பார்கள். டெல்லூரியம் ஒரு நியூட்ரானை வாங்கிக்கொண்டு, ஒரு பீட்டாவை (அணுக்கருவிலிருந்து பாய்ந்து வரும் எலக்ட்ரானை) உமிழ்ந்து அயோடினாகும். அந்த அயோடின் உங்கள் கழுத்தில் இன்னொரு பீட்டாவை உமிழ்ந்து செனானாகும். செனான் சும்மா இருக்கும் வாயு, மூச்சில் போய்விடும். அணு எண் 52, 53, 54. பிளஸ் டூ தம்பி தனிம வரிசை அட்டவணையில் விரல் வைத்துப் பார்க்கட்டும், மூன்றும் வரிசையாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

சிகிச்சை செய்வது அந்த பீட்டாதான். திசுவுக்குள் அது அதிகபட்சம் இரண்டு மில்லிமீட்டர் சுமாருக்குப் போகும், அதற்குள் தன் சக்தியையெல்லாம் கொட்டிவிடும். ஆகவே அயோடினைப் பிடித்து வைத்திருக்கும் திசுதான் அடி வாங்கும். காமா வெளியே ஓடுவதால்தான் ஸ்கேன் எடுக்க முடிகிறது, அதனால்தான் தம்பிகள் கீழ்ப்படியில் நிற்க வேண்டியும் இருக்கிறது. ஈயக் குடுவை எதற்கு என்றால், சுமார் 3 மில்லிமீட்டர் ஈயம் இந்தக் காமாவைப் பாதியாக்கும், 6 மில்லிமீட்டர் கால்வாசியாக்கும். ஈயத்திலும் அதே புளியங்கொட்டைக் கணக்கு.

வீட்டில் ஈயச் சுவர் எழுப்ப முடியாது, தூரம்தான் நமக்குச் சுவர். உங்கள் தையல் டேப்பைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். 6 அடியில் நிற்கிறவன் 12 அடிக்குப் போனால் அவன் மேல் விழுவது பாதி இல்லை, கால். 18 அடி என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. (மனிதர் ஒரு புள்ளி இல்லை என்பதால் கட்டிப்பிடிக்கிற தூரத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. மாடிப்படிக்கு ஒத்துவரும்.)

இதையெல்லாம் படித்துவிட்டு, சீட்டில் போட்டிருக்கிற நாளை மட்டும் நீங்களாகக் குறைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அளவைப் பார்த்துப் போட்ட நாள் அது. சந்தேகம் இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள்.


கருமணல் எழுதியது:

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கத்துக்காரன் நான். புளியங்கொட்டை, முறம் என்று போவதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. இந்த 'பாதியாகும் நேரம்' என்ற சங்கதி பிடிபட்டதே எங்கள் ஊர் மணலில் கிடைக்கிற தோரியம் என்ற கதிரியக்க உலோகத்தை வைத்துத்தான்.

கனடாவில் மான்ட்ரியலில் ரூதர்ஃபோர்டு என்ற விஞ்ஞானி தோரியத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார், 1899 வாக்கில். யுரேனியம் சொன்ன பேச்சு கேட்டது. தோரியம் கேட்கவில்லை. அறையில் காற்று அசைந்தால் போதும், அளவு ஏறி இறங்கியது. தோரியத்திலிருந்து ஏதோ ஒரு வாயு வெளியேறுகிறது, அதுவும் கதிரியக்கமாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த வாயுவைத் தனியாகப் பிரித்து அளந்தால் சுமார் ஒரு நிமிஷத்தில் பாதி, அடுத்த நிமிஷத்தில் அதில் பாதி. அக்காவின் சின்னவன் அங்கே இருந்திருந்தால் இரண்டாவது நிமிஷ முடிவில் கடையைக் கட்டியிருப்பான். இன்றைய அளவுப்படி அந்த வாயுவுக்கு 56 விநாடி.

அந்தக் காலத்தில் தோரியத்துக்குக் கிராக்கி வந்தது அணுசக்தியால் இல்லை, விளக்கால். பெட்ரோமாக்ஸ் விளக்கில் வெள்ளையாகக் கட்டுவோமே மேன்டில், அது அப்போது பெரும்பாலும் தோரியம் ஆக்சைடு. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் (தோரியம் உள்ள கனிமம்) இருப்பதைக் கவனித்து, தேடிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார். அப்போது நாங்கள் திருவிதாங்கூர். திருவிழாவில் வாண வேடிக்கைக்கு முன்னால் வரிசையாகப் போன பெட்ரோமாக்ஸ் எல்லாம் கதிரியக்கப் பொருளைத் தலையில் சுமந்து போனவைதான்.

வாத்தியார் அணுவுக்கு வயதாகாது என்றார். எங்கள் கடற்கரையில் அதற்குச் சாட்சி கிடக்கிறது. தோரியத்தின் அரை ஆயுட்காலம் 1,405 கோடி வருஷம், பூமியின் வயது 454 கோடி. பூமி உருவானபோது இருந்த தோரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்றும் அப்படியே இருக்கிறது. காலில் ஒட்டுகிற மணலில் இருக்கும் அணு ஒவ்வொன்றும் 454 கோடி வருஷத்துக்கும் மேலாகக் கறுப்பு விழுந்துகொண்டே இருக்கிற புளியங்கொட்டை.

(மணல் எடுப்பது சரியா தப்பா என்பது வேறு சண்டை. இங்கே ஆரம்பித்தால் இந்தத் திரி நாறிவிடும்.)


பனங்கொட்டை எழுதியது:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட புத்தகங்களில கதிரியக்கத்துக்குக் 'கதிர்த்தொழிற்பாடு', இதுக்கு 'அரைவாழ்வுக் காலம்'. ஆயுள் என்றாலும் வாழ்வு என்றாலும் குழப்பம் ஒன்றுதான், வாத்தியார் சொன்னது மெத்தச் சரி. ஒரு கேள்வி இருக்கு. அணு உலை விபத்து நடந்த செர்னோபிலில பிள்ளையளுக்குத் தைராய்டுப் புற்று வந்தது இதே அயோடின் 131ஆலதானே? வருத்தத்தைக் கொடுத்ததும் இது, மாத்துறதும் இது எண்டால் எப்பிடி?


மீட்டர்காரன் எழுதியது:

நல்ல கேள்வி. அதே அயோடின்தான். 1986 ஏப்ரல் 26 விபத்துக்குப் பிறகு அது புல்லில் விழுந்தது, புல்லை மாடு தின்றது, பாலைப் பிள்ளைகள் குடித்தார்கள். குழந்தையின் சுரப்பி சிறியது, வளர்கிற வயது வேறு. வந்த அயோடினையெல்லாம் அது இழுத்து வைத்துக்கொண்டது.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. அக்காவுக்குக் கொடுத்தது மிச்சத் திசுவை அடியோடு கொல்லும் அளவு. செத்த செல் புற்றாகாது. செர்னோபில் பிள்ளைகளின் சுரப்பிக்குக் கிடைத்தது பல செல்களைக் கொல்லாமல் காயப்படுத்தி விட்டுவைக்கும் அளவு. காயத்தோடு பிழைத்த செல்தான் வருஷங்கள் கழித்து வம்பு செய்யும். கதிரியக்கம் இல்லாத சாதா அயோடின் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துச் சுரப்பியை நல்ல அயோடினால் நிரப்பிவிட்டால், கெட்டதற்கு உள்ளே இடம் இருக்காது. அக்காவுக்குச் செய்தது இதற்கு நேர் எதிர். மருந்துக்கு முன்னால் இரண்டு வாரம் அயோடின் உப்பு, மீன், பால் எல்லாம் நிறுத்தச் சொல்லியிருப்பார்களே? மிச்சத் திசு பசியோடு இருக்க வேண்டும் என்பதற்காக.

அங்கே விழுந்த அயோடின் மூன்று மாதத்தில் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. இன்றைக்கும் மண்ணில் முக்கியமாக இருப்பது சீசியம் 137 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள், அரை ஆயுட்காலம் 30 வருஷம். 2016இல்தான் அது முதல் பாதியை முடித்தது.


ஓவர்லாக் அக்கா எழுதியது:

எல்லாருக்கும் கோடி நன்றி. உப்பில்லாத அந்த இரண்டு வாரத்தை ஏன் ஞாபகப்படுத்தினீர்கள் மீட்டர்காரத் தம்பி, ரசம் ரசமாகவே இல்லை.

கொட்டைக்குப் பஞ்சமில்லை. மாமியார் புளி குத்தியபோது ஒரு டப்பா நிறைய எடுத்து வைத்திருந்தார். இரண்டு பேரும் வாசல் சிமெண்டில் உட்கார்ந்து 200 கொட்டை தேய்த்தார்கள், இரண்டு நாள். விரல் எரிகிறது என்று சின்னவன் நடுவிலேயே கழன்றுகொள்ளப் பார்த்தான், மாமியார் விடவில்லை. நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவன் எழுதிய கணக்கு: 200, 121, 74, 43, 27, 15, 10, 6, 3, 1.

முதல் குலுக்கிலேயே தகராறு. 100 மிஞ்ச வேண்டிய இடத்தில் 121 மிஞ்சிவிட்டது. "வாத்தியார் சொன்னது தப்பு" என்கிறான் சின்னவன்.


பௌதிக வாத்தியார் எழுதியது:

தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். காசு மாதிரி சரிசமமாக விழப் புளியங்கொட்டை அச்சில் வார்த்ததில்லை. தேய்த்த பக்கம் தட்டையாகிவிடும், தரையோடு படுத்துக்கொள்ளப் பார்க்கும். அதனால் வெள்ளை மேலே விழுவது குறைவு.

ஆனால் சின்னவன் ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முந்திய எண்ணால் வகுத்துப் பார்க்கட்டும். 200க்கு 121 என்றால் 0.6. 121க்கு 74, அதுவும் 0.6. 43க்கு 27ம் அதையொட்டியே வரும். எந்தக் குலுக்கிலும் பத்தில் நாலு பங்கு போகிறது, ஆறு பங்கு மிஞ்சுகிறது. பாதி என்ற எண்ணுக்கு ஒரு மகிமையும் இல்லை, ஒரே விகிதம் திரும்பத் திரும்ப வருவதுதான் விஷயம். பாதிக்குத்தான் பெயர் வைக்க வேண்டும் என்றால், உங்கள் கொட்டைகளின் அரை ஆயுட்காலம் ஒன்றேகால் குலுக்குக்குக் கொஞ்சம் மேல். பெரியவன் மடக்கை போட்டுப் பார்த்தால் 1.36 வரும். கடைசியில் 6, 3, 1 என்று வருமிடத்தில் விகிதம் ஆட்டம் போடுகிறது பாருங்கள், சூத்திரம் கையை விரிப்பது அங்கேதான்.

அந்தக் கடைசி ஒரு கொட்டை என்ன ஆனது, அம்மணி? கணக்கில் காணோம்.


ஓவர்லாக் அக்கா எழுதியது:

அதைச் சொல்லத்தான் வந்தேன் ஐயா. இன்று சிவப்பு வட்டம் போட்ட நாள். சீட்டில் இருந்த கெடு முன்பே முடிந்து நான் கீழே வந்தாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தமிழிலேயே கேட்டுக்கொண்டுதான் இறங்கினேன். காலண்டரில் வட்டத்துக்குள் பெரியவன் '25' என்று எழுதினான். சின்னவன் அதை அடித்துவிட்டு, "அது சீசாவுக்கு, அம்மாவுக்கு இல்ல" என்றான். எவர்சில்வர் தட்டு அலமாரிக்குத் திரும்பிவிட்டது.

கடைசிக் கொட்டையை ஐந்து தடவை தனியாகக் குலுக்கினோம், ஐந்தும் கறுப்பு. சின்னவன், "இதுக்கு வயசாயிடுச்சும்மா, அடுத்த தடவை கண்டிப்பா வெள்ளைதான்" என்று பத்து ரூபாய் பந்தயம் கட்டினான். பெரியவன், "பத்துல நாலுதாண்டா, எப்பவும் பத்துல நாலுதான்" என்று பந்தயத்துக்கு வந்தான். மாமியார் முறத்தை வாங்கி, சாமியைக் கும்பிட்டுவிட்டு அவரே குலுக்கினார்.

கறுப்பு.